நேரம் இருக்கிறது

காலை ஐந்து மணி. பீட்டர்மாரிட்ஸ்பர்க்
மூடுபனிக்குள் தன் தெருவிளக்குகளையே தேடிக்கொண்டிருந்தது.
ஆயிரத்து முந்நூறு பேர்.
அத்தனை தொடைகளிலும் தைல வாசனை.
துப்பாக்கி வெடித்ததும் எல்லார் கைக்கடிகாரங்களும்
ஒரே சமயத்தில் கீச்சிட்டன.
விடியற்காலைக் குருவிகள் மாதிரி என்று எழுதலாம்.
எழுத மாட்டேன். கடிகாரம் மாதிரிதான் இருந்தது.

நான் லோகேஸ்வரி மூட்லி, வயது நாற்பத்தாறு.
பள்ளிக்கூட ஷூ செய்யும் தொழிற்சாலையில்
நாக்கு தைக்கிறேன்,
ஒரு நாளைக்கு அறுநூறு நாக்கு.
நான்கு மணி ஐம்பது நிமிடத்துக்குள் ஓடி முடித்தால்
ஜூன் மாதப் பெரிய ஓட்டத்துக்குக் கதவு திறக்கும்.
ஐம்பத்தொன்று என்றால் பூட்டு.
பூட்டை இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் கிலோமீட்டர், நார்த்டேல்.
இரவு உடையில் தேநீர்க் கோப்பையோடு
ஜனங்கள் வாசலில் நின்றார்கள்.
ஒரு பையன் தோட்டத்து ஹோஸ் பைப்பை என் முகத்துக்கே காட்டினான்,
அவன் நன்றாயிருக்கட்டும்.
தனசீலன் நாயுடு என்னைத் தாண்டிப் போனான்.
போன வாரம்தான் காவடி எடுத்தவன்,
கன்னத்தில் வேல் குத்திய புள்ளி ஆறவில்லை,
பாதி வாயால் சிரித்தான்.

பிறகு
வேகவைத்த உருளைக்கிழங்கு, உப்பு.
பல்லால் கடித்துக் கிழித்த தண்ணீர்ப் பொட்டலம்.
வெயில்.
முப்பத்திரண்டுக்கு மேல் தலைக்குள் யாருமில்லை,
வலது கால் பெருவிரல் நகம் மட்டும்
குடியிருந்தது.

முப்பத்தெட்டில் மேடு.
பக்கத்தில் ஒருவன் வந்து சேர்ந்தான்.
நான் முதலில் பார்த்தது அவன் ஷூவைத்தான்:
எட்டாம் நம்பர், இடது குதிகால் தேய்ந்து
அடிப்பாகம் வாய் பிளந்திருந்தது.
பெயர் முசி ங்குபானே என்றான்.
கோயில் கூடத்தில் ஞாயிறுதோறும் படித்த தமிழில்
எந்தப் பெயரும் தொடங்காத எழுத்தில்
ஒரு மனிதன் தொடங்கி நடக்கிறான் என்று நினைத்தேன்.
அந்த வேளையில் அப்படியெல்லாம்தான் தோன்றும்.

"சிசி, மணி என்ன? என் கடிகாரம் செத்துப்போச்சு.
ஐம்பதுக்குள் போகலாமா?"

பார்த்தேன்.
நான்கு இருபத்தொன்று.
அப்போதே ஓடத் தொடங்கினால் அவனுக்கு வாய்ப்பு உண்டு.
எனக்கு இல்லை.
மேடு முழுக்க ஆளில்லை, நிழலில்லை,
பின்னால் தளர்ந்தவர்களை ஏற்றும் வண்டியின் உறுமல்.

"நிறைய நேரம் இருக்கிறது, நடக்கலாம்" என்றேன்.

அவன் நம்பினான். நடந்தான்.
தன் இரண்டு பெண் குழந்தைகளைப் பற்றிச் சொன்னான்,
ஒருத்திக்கு இப்போதுதான் பல் விழுகிறதாம்.
கிடங்கு வாசலில் காவல் வேலை, ராத்திரி முழுக்க நிற்பதால்
நிற்பதுதான் தனக்குக் கஷ்டம், ஓடுவது லேசு என்றான்.
நான் சிரித்தேன். உண்மையாகவே சிரித்தேன்.
வலி குறைந்தது. அதையும் சொல்லியாக வேண்டும்.

மைதானத்துக்குள் நுழைந்ததும்
வளைவுக்கு மேலே சிவப்பு எண்கள்.
நான்கு ஐம்பத்தொன்று, இருபது நொடி.
அவன் அண்ணாந்து பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.
கோடு தாண்டினோம்.
இருவருக்கும் ஒரே அளவுப் பதக்கம் போட்டார்கள்.

"மேட்டில் விட்டுவிட்டோம்" என்றான்.
விட்டுவிட்டாய் என்று சொல்லியிருக்கலாம்.
கையிலிருந்த ஆரஞ்சைப் பிய்த்து
பெரிய பாதியை என்னிடம் நீட்டினான்.

சொல்ல வாய் திறந்தேன்.
அறுநூறு நாக்கு தைப்பவளுக்கு
ஒன்று புரளவில்லை.

"பன்னிரண்டுக்கு டியூட்டி.
மணி என்ன, சிசி?"

பத்து ஐந்து.
இந்த முறை சரியாகச் சொன்னேன்.

"அட, நேரம் இருக்கிறது" என்று
புல்லில் சாய்ந்து
கண்ணை மூடிக்கொண்டான்.